கருந்துளை மேல் சுமத்திய பழி

மர்பி டவுனில் எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். எட்டாம் வகுப்பு. போன மாதம் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வரைந்ததாம். நடுவில் கறுப்பு வட்டம், அதற்குப் பற்கள். சுற்றிலும் மஞ்சள் விண்மீன்கள் வாயைப் பிளந்து அலறியபடி உள்ளே இழுபட்டுப் போகின்றன. மேலே சிவப்பு மையில் "கருந்துளை: நட்சத்திரங்களின் எமன்" என்று தலைப்பு. கீழ் ஓரத்தில் சாம்பல் நிறத்தைத் தேய்த்து, "தூசு: நட்சத்திரங்களின் குப்பை" என்று எழுதியிருந்தான்.

"கரெக்டா இருக்கா தாத்தா? பாத்துச் சொல்லுங்க."

படம் நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன். ஆனால் தலைப்பு தவறு. தூசைப் பற்றிய வரியில் பாதி உண்மை, மீதிப் பாதி அந்த உண்மையையும் கெடுத்துவிடுகிறது. எங்கே படித்தாய் என்று கேட்டேன். யூடியூபில் பார்த்தானாம், ஒரு புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்ததாம். பையன் மேல் குற்றம் இல்லை. தமிழில் கருந்துளை பற்றி வரும் எழுத்தில் பெரும்பகுதி அதை அரக்கன் என்றும் பூதம் என்றும் எமன் என்றுமே எழுதுகிறது. படித்தவர்கள் நடுவில் அதே எண்ணம் கொஞ்சம் நாகரிகமான வடிவில் உலவுகிறது: ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே உறங்கும் கருந்துளை விழித்து உண்ணத் தொடங்கினால், அந்த மண்டலத்தில் விண்மீன் பிறப்பு நின்றுபோகும் என்று. இரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறேன். மறுப்பதற்கான சான்றில் ஒரு பங்கு எங்கள் ஊரிலேயே திரட்டப்பட்டது என்பதால் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

மர்பி டவுனைத் தெரியாதவர்களுக்கு: பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கன்டோன்மென்ட் பகுதி இது. முன்பு நாக்ஸ் பேட்டை என்று பெயர். தலைமுறைகளாகத் தமிழ் பேசுபவர்கள் நிறைந்த இடம். இங்கிருந்து பழைய மதராஸ் சாலையைப் பிடித்துக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் ஹொசகோட்டே வந்துவிடும். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வு வளாகம் ஒன்று அங்கே இருக்கிறது. அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் போன புற ஊதாத் தொலைநோக்கியை அங்கேதான் பூட்டிச் சோதித்தார்கள். அதன் கண்ணாடியில் ஒரு துகள் தூசு படியாமல் இருக்க அத்தனை பாடுபட்டார்கள். அப்படி அனுப்பிய கருவி, விண்மீன் பிறப்பில் தூசுக்கு என்ன இடம் என்று நமக்குச் சொல்கிறது.

முதலில் பல் முளைத்த வாயைப் பார்ப்போம்.

கருந்துளை எதையும் தேடிப் போய் உறிஞ்சுவதில்லை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே எடையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி இருட்டில் உறைந்துபோகும். ஆனால் அதன் பாதை மாறாது, இன்று சுற்றுவது போலவே சுற்றிக்கொண்டிருக்கும். நம் பால்வீதியின் நடுவில், 26,000 ஒளியாண்டுத் தொலைவில், 40 லட்சம் சூரியன்களுக்கு மேல் எடையுள்ள ஒரு கருந்துளை இருக்கிறது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். பால்வீதியின் விண்மீன்களின் மொத்த எடையில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் ஈர்ப்பு ஆட்சி செய்வது சுற்றியுள்ள சில ஒளியாண்டுகளில்தான். அதைத் தாண்டினால் அங்கே கருந்துளை இருப்பது எந்த விண்மீனின் ஓட்டத்துக்கும் ஒரு பொருட்டே இல்லை.

சரி, அந்தச் சில ஒளியாண்டுகளுக்குள்? அங்கேயாவது எமன் என்ற பெயர் பொருந்துமா? எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கருந்துளையைச் சுற்றி வருகிறது. 2018 மே மாதம் 1,800 கோடி கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி, நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வளைந்து, தன் வழியில் போய்விட்டது. இந்த விண்மீன்களின் பாதையை ஆண்டுக்கணக்கில் அளந்ததற்காகத்தான் ராய்ன்ஹார்ட் கென்சலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் 2020இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர்கள் கண்டவற்றில் இன்னொன்று இன்னும் முக்கியமானது. கருந்துளையிலிருந்து ஓரிரு ஒளியாண்டுக்குள், வயது ஒரு கோடி ஆண்டுகூட ஆகாத பெரிய இளம் விண்மீன்கள் கூட்டமாக இருக்கின்றன. சூரியனின் வயது 460 கோடி ஆண்டு என்பதை வைத்துப் பார்த்தால் அவை பச்சைக் குழந்தைகள். அவற்றில் பல, கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டுப் போலப் படர்ந்து சுற்றுகின்றன. வாயு அந்த இடத்திலேயே தட்டாகத் திரண்டு, அங்கேயே உடைந்து விண்மீன்களாகியிருக்க வேண்டும் என்பதே இதற்கு மிகப் பொருத்தமான விளக்கம். எமன் வாசற்படியில் தொட்டில் ஆடியிருக்கிறது. பையனின் படத்தை இந்த ஒரு செய்தியே அடித்துவிடும்.

படித்தவர்களின் வாதம் இவ்வளவு எளிதில் விழாது. அதை அதன் முழு வலுவோடு எடுத்து வைக்கிறேன். எதிராளியை நோஞ்சானாக்கிவிட்டு வெல்வது எனக்குப் பிடிக்காது.

உண்ணும் கருந்துளை வெளியே கொட்டும் ஆற்றல் பயங்கரமானது. உள்ளே விழும் பொருளின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. அணு உலையில் கிடைப்பது அதன் பக்கத்தில் நிற்காது. ஒரு கருந்துளை தன் வாழ்நாளில் இப்படி வெளியிட்ட ஆற்றல் அனைத்தையும் கூட்டினால், அது இருக்கும் மண்டலத்தின் நடுப்பகுதியை அக்கக்காகப் பிரித்து எறியப் பல மடங்கு போதும். 2005, 2006 வாக்கில் கணினியில் பிரபஞ்சத்தை வளர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. கணினியில் உருவான மிகப் பெரிய மண்டலங்கள், வானில் நாம் காண்பவற்றைவிட அதிகமாக விண்மீன்களைப் பெற்றுக் கொழுத்தன. நடுவிலுள்ள கருந்துளையின் ஆற்றலைக் கணக்கில் சேர்த்ததும் அந்தக் கொழுப்பு வடிந்தது. வானத்தோடு கணக்கு ஒத்துப்போனது. அன்று முதல் கருந்துளை விண்மீன் பிறப்பை அணைக்கும் கை என்று பாடநூல் வரை ஏறிவிட்டது.

கண்ணால் கண்ட சான்றும் உண்டு. பெர்சியஸ் என்ற மண்டலக் கொத்தின் நடுவிலுள்ள என்.ஜி.சி. 1275 என்ற ராட்சத மண்டலத்தில், கருந்துளையிலிருந்து பீறிடும் தாரைகள் பல கோடி டிகிரி சூடான வாயுவில் பெரிய குமிழிகளை ஊதியிருப்பதைச் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி காட்டியது. வாயு குளிர்ந்து விண்மீன் ஆகாமல் அவை சூடேற்றிக்கொண்டே இருக்கின்றன. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவை வைத்து, 'பாப்லோவின் மண்டலம்' என்று செல்லப் பெயரிட்ட ஒரு தொன்மையான மண்டலத்தில் கருந்துளை நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வாயுவை வெளியே தள்ளுவதைக் கண்டார்கள். அங்கே புது விண்மீன் பிறப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. இவை இரண்டையும் நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது, இந்த ராட்சதர்களிடம் கண்டதை எல்லா மண்டலங்களுக்கும் சட்டமாக்குவதை. அடுப்பில் எவ்வளவு விறகு எரிந்தாலும் சூடு பானையில் ஏறினால்தான் சோறு வேகும். கருந்துளையிடம் ஆற்றல் இருக்கிறது என்பது ஒரு செய்தி. அந்த ஆற்றல் மண்டலத்தின் குளிர்ந்த வாயுவில் ஏறியது என்பது வேறு செய்தி. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதை நிறுவியதாக எடுத்துக்கொள்கிறார்கள். நம்முடையது போன்ற தட்டு வடிவ மண்டலத்தில் நடுவிலிருந்து கிளம்பும் சூறாவளி, அடர்ந்த தட்டுக்குள் முட்டி மோதிப் போவதைவிட, எதிர்ப்பு குறைந்த மேலும் கீழும் பீறிட்டுப் போகவே வாய்ப்பு அதிகம். தட்டின் கைகளில், ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால், வாயு முகில்கள் தம் பாட்டில் சுருங்கி விண்மீன்களாகிக்கொண்டிருக்கும்.

2012இல் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மேத்யூ பேஜ் தலைமையிலான குழு, ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் நெடிய அகச்சிவப்புத் தரவை வைத்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதியது. வானின் ஒரு சிறு பகுதியை ஆழமாகப் பார்த்ததில், மிகப் பிரகாசமாக உண்ணும் கருந்துளைகள் உள்ள மண்டலங்களில் விண்மீன் பிறப்பு ஒடுங்கியிருந்தது என்றார்கள். செய்தி உலகெங்கும் போனது. அதே ஆண்டில் கிறிஸ் ஹாரிசனும் உடனிருந்தவர்களும் அந்தப் பகுதியோடு இன்னும் இரண்டு பகுதிகளையும் சேர்த்து, அதிக எண்ணிக்கையில் மண்டலங்களை எடுத்துக்கொண்டு அதே அளவையைச் செய்து பார்த்தார்கள். ஒடுக்கம் காணாமல் போய்விட்டது. பிரகாசமான கருந்துளை உள்ள மண்டலங்களும் சராசரியாக மற்ற மண்டலங்களைப் போலவே விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருந்தன. முதல் முடிவு, பார்த்த பகுதி சிறியதாக இருந்ததால் வந்த விளைவு. இந்த இரண்டாவது கட்டுரை தமிழில் எங்காவது செய்தியாக வந்து நான் பார்த்ததில்லை. எமன் கதை விற்கும். எமன் வரவில்லை என்ற கதையை யாரும் வாங்குவதில்லை.

இப்போது ஹொசகோட்டேவுக்கு வருகிறேன்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் கிளம்பியது. அதில் இருந்த புற ஊதாத் தொலைநோக்கி உண்மையில் ஓர் இரட்டை. 38 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டமுள்ள இரண்டு தொலைநோக்கிகள் அக்கம்பக்கமாக ஒரே திசையைப் பார்க்கும். ஒன்று தொலை புற ஊதாவுக்கு, மற்றது அண்மைப் புற ஊதாவுக்கும் கண்ணுறு ஒளிக்கும். கிட்டத்தட்ட முழுநிலவின் அகலமுள்ள வானத்தை ஒரே படத்தில் பிடிக்கும். கூர்மையில், அதற்கு முன் இந்த வேலையைச் செய்த நாசாவின் கேலக்ஸ் தொலைநோக்கியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அண்மைப் புற ஊதாப் பகுதி 2018இல் நின்றுவிட்டது. அதற்கு முன் எடுத்த படங்களுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை.

விண்மீன் பிறப்பைப் பார்க்கப் புற ஊதா எதற்கு? சூடான, பெரிய, நீல விண்மீன்கள்தான் புற ஊதா ஒளியைக் கொட்டுகின்றன. அவை அற்பாயுசு. சில கோடி ஆண்டுகளில் எரிந்து தீர்ந்துவிடும். ஆகவே புற ஊதாவில் ஒளிரும் இடம் என்றால் அண்மையில் பிரசவம் நடந்த இடம்.

கோரமங்களாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் பாயல் நந்தி, சி. எஸ். ஸ்டாலின் முதலியோர் இந்தத் தொலைநோக்கியைக் கொண்டு, நமக்கு அருகிலுள்ள எட்டு சைஃபர்ட் மண்டலங்களை ஆராய்ந்தார்கள். 1943இல் கார்ல் சைஃபர்ட் என்ற அமெரிக்கர், நடுப்புள்ளி வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசிக்கும் ஆறு மண்டலங்களைப் பற்றி எழுதினார். அவர் பெயர்தான் இந்த வகைக்கு நிலைத்தது. அந்த ஆறில் ஒன்றான என்.ஜி.சி. 4051 பெங்களூர்ப் பட்டியலிலும் இருக்கிறது. இந்த எட்டிலும் நடுவிலுள்ள கருந்துளை இப்போது உண்டுகொண்டிருக்கிறது. பாடநூல் எமன் உண்மையானால் நடுவில் இருட்டு, போகப் போக வெளிச்சம் என்று இருக்க வேண்டும்.

அவர்கள் கண்டது என்ன? எட்டு மண்டலங்களிலும் சேர்த்து 1,700க்கும் மேற்பட்ட விண்மீன் பிறப்பிடங்களைப் பிரித்துக் குறித்தார்கள். என்.ஜி.சி. 1365 உட்பட ஐந்து மண்டலங்களில் விண்மீன் பிறப்பின் அடர்த்தி நடுவில்தான் அதிகம், வெளியே போகப் போகப் படிப்படியாகக் குறைகிறது. தூசும் அப்படியே: நடுவில் அதிகம், விளிம்பில் குறைவு. தூசு மிகுந்த இடத்தில் பிறப்பும் மிகுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், கருந்துளை தன் சக்திக்கு எவ்வளவு வேகமாக உண்கிறதோ, அவ்வளவுக்கு மொத்தப் பிறப்பில் நடுப்பகுதியின் பங்கும் கூடியிருக்கிறது. நடுவட்டத்துக்கு வெளியே, மண்டலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், கருந்துளையின் கை எட்டியதற்குக் குறிப்பிடத்தக்க அடையாளம் இல்லை.

எட்டு மண்டலங்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எட்டை வைத்துப் பிரபஞ்சத்துக்குச் சட்டம் எழுத முடியாது. நான் எழுதவும் இல்லை. ஆனால் 'எப்போதும் அணைக்கும்' என்று ஒருவர் சொன்னால், அணையாத ஒன்றைக் காட்டினாலே போதும். இங்கே ஐந்து இருக்கின்றன. இன்னொரு மறுப்பும் வரும்: கருந்துளைதான் பிறப்பைத் தூண்டியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது, நடுவில் வாயு குவிந்ததால் இரண்டும் ஒருசேர நடந்திருக்கலாம் என்று. அதையும் ஏற்கிறேன். ஒரே பானைச் சோற்றை இருவரும் உண்கிறார்கள் என்றாலும் என் வாதம் நிற்கிறது. ஒருவன் உண்ணும்போது மற்றவன் பட்டினி கிடக்கவில்லை. பிரபஞ்ச வரலாறும் அதையே சொல்கிறது. விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன். கருந்துளைகள் மிக வேகமாக வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின.

இனி தூசு. என் மனத்தில் இந்தக் கட்டுரையின் உயிர் இதுதான்.

விண்வெளித் தூசு, நம் தெருவில் லாரி கிளப்பும் புழுதி போன்றதன்று. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் அதற்கும் கீழும் உள்ள கரி, மணற்பொருள் துகள்கள். மண்டலத்தில் விண்மீன்களுக்கு இடையே உள்ள பொருளில் எடைக்கு எடை நூற்றில் ஒரு பங்குதான் தூசு, மற்றது வாயு. வயதான விண்மீன்கள் ஊதித் தள்ளியதிலிருந்தும் வெடித்துச் சிதறியதிலிருந்தும் வந்த கரியும் சிலிக்கனும்தான் இப்படித் துகளாக உறைகின்றன. பையன் குப்பை என்று எழுதியதில் பாதி உண்மை என்று நான் சொன்னது இதனால். மறுபாதியைத்தான் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

விண்மீன் உருவாக வாயு குளிர வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 260 டிகிரி வரை குளிர வேண்டும். அப்போதுதான் ஈர்ப்பு வென்று முகில் சுருங்கும். அந்தக் குளிர்ந்த முகில் பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறு. தனித்தனியாக அலையும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெட்டவெளியில் சந்தித்து மூலக்கூறாவது மிக அரிது. இணையும்போது வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒன்று வேண்டும். அந்த வேலையைத் தூசுத் துகள் செய்கிறது. அணுக்கள் அதன் மேல் வந்து ஒட்டுகின்றன, ஊர்கின்றன, சந்திக்கின்றன, மூலக்கூறாகிக் கிளம்புகின்றன. பிறகு அதே தூசு வெளியிலிருந்து வரும் புற ஊதா ஒளியைத் தடுத்து நின்று, அந்த மூலக்கூறுகள் மறுபடி உடையாமல் காக்கிறது. திருமணத்தை நடத்தி வைத்துவிட்டுக் கூரையும் போட்டுக் கொடுப்பது மாதிரி. விண்மீன் பிறந்த பின் அதைச் சுற்றி மிஞ்சிய தூசுதான் திரண்டு பாறையாகி, கிரகமாகிறது. மர்பி டவுன் வீடுகள் நிற்கும் மண்ணும் ஒரு காலத்தில் அப்படி ஒரு முகிலில் இருந்தது.

இந்தத் தூசு ஒளியை மறைக்கும் என்பதை 1930இல் ராபர்ட் ட்ரம்ப்ளர் ஐயமற நிறுவினார். எவ்வளவு மறைக்கும்? பால்வீதியின் நடுவிலிருந்து நம்மை நோக்கிப் புறப்படும் கண்ணுறு ஒளியில் ஒரு லட்சம் கோடி ஒளித்துகள்களுக்கு ஏறத்தாழ ஒன்றுதான் வந்து சேர்கிறது. மற்றவை வழியில் தூசு விழுங்கியவை. புற ஊதா இன்னும் மோசம். கண்ணுறு ஒளியில் பாதிக்கும் குறைவாகவே வந்து சேரும் அளவுக்குத் தூசு இருந்தால், தொலை புற ஊதாவில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். உண்ணும் கருந்துளையைச் சுற்றியுள்ள பகுதி தூசு மிகுந்த பகுதி. அங்கே பிறக்கும் இளம் விண்மீன்களின் ஒளி பெரும்பாலும் தூசில் சிக்குகிறது. தூசைக் கணக்கில் எடுக்காமல் படத்தைப் பார்க்கிறவர், "நடுவில் இளம் விண்மீன்கள் குறைவு, கருந்துளை அணைத்துவிட்டது" என்று தீர்ப்பெழுதிவிடுவார். பிள்ளைகள் போர்வைக்குள் இருக்கிறார்கள். இவர் தொட்டில் காலி என்று எழுதுகிறார். பெங்களூர்க் குழு செய்தது போல, புற ஊதாவின் நிறத்தை வைத்து எவ்வளவு தூசு மறைக்கிறது என்று கணித்து, மறைந்ததையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மைக் கணக்கு வரும்.

இது வெறும் வாதமாக நின்றுவிடவில்லை. ஆறு கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 1365இன் நடுப்பகுதியை ஜேம்ஸ் வெப் அகச்சிவப்பில் பார்த்தபோது, ஹபிள் தொலைநோக்கிக்குத் தெரியாத இளம் விண்மீன் கொத்துகள் டஜன் கணக்கில் தூசுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. என்.ஜி.சி. 7469இலும் அதேதான். அதன் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி ஆயிரத்துச் சொச்சம் ஒளியாண்டு ஆரத்தில் விண்மீன்கள் பிறக்கும் ஒரு வளையம் இருக்கிறது. நடுவில் கருந்துளை கொழுந்துவிட்டு எரிகிறது, வளையம் அணையவில்லை.

தூண்டுதலுக்கும் நேரடிச் சாட்சிகள் உண்டு. சென்டாரஸ் ஏ என்ற மண்டலத்தின் கருந்துளையிலிருந்து கிளம்பும் தாரை, வெளியே உள்ள வாயு முகிலில் மோதும் வழியில் இளம் நீல விண்மீன்கள் வரிசையாகப் பிறந்திருக்கின்றன. அந்தப் பகுதியையும் அஸ்ட்ரோசாட் புற ஊதாவில் படம் எடுத்தது. பிரஜ்வல் ஜோசப் முதலியோர் 2022இல் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அதே ஆண்டு, மூன்று கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஹெனைஸ் 2-10 என்ற குட்டி மண்டலத்தில், கருந்துளையிலிருந்து ஓடிய வாயு ஓடை போய் முட்டிய இடத்தில் விண்மீன்கள் பிறப்பதை ஹபிள் தரவிலிருந்து சக்கரி ஷூட்டும் ஏமி ரைன்ஸும் காட்டினார்கள். 2017இல் ராபெர்ட்டோ மயோலினோவின் குழு இதையெல்லாம் தாண்டி ஒன்றைக் கண்டது. மோதிக்கொள்ளும் இரண்டு மண்டலங்களில் ஒன்றிலிருந்து வெளியே பாயும் சூறாவளிக்குள்ளேயே விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தன. வாயுவைத் துரத்தி அணைக்கும் என்று பாடநூல் சொன்ன அதே காற்று.

எதிர்ச் சாட்சியும் அஸ்ட்ரோசாட்டிலிருந்தே வந்திருக்கிறது, அதை மறைப்பது முறையாகாது. ஜே.ஓ.201 என்ற மண்டலத்தின் நடுவில், கருந்துளையைச் சுற்றி விண்மீன் பிறப்பு இல்லாத பெரிய பள்ளம் இருப்பதைக் கோஷி ஜார்ஜ் முதலியோர் 2019இல் காட்டினார்கள். அங்கே கருந்துளை அணைத்திருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மண்டலம் ஒரு மண்டலக் கொத்துக்குள் பாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. கொத்தின் சூடான வாயு எதிர்க்காற்றாக மோதி, அதன் வாயுவை இழைகளாகப் பிய்த்து இழுக்கிறது. அந்த இழைகளில் விண்மீன்கள் பிறந்தவண்ணம் இருக்கின்றன. அப்படி அசாதாரணமான இடத்திலும் அணைந்தது நடுப்பகுதி மட்டும்.

காலக் கணக்கிலும் ஒரு பிழை செய்கிறோம். கருந்துளை தொடர்ந்து உண்பதில்லை. லட்சம் ஆண்டு அளவில் எரியும், அடங்கும், மறுபடி எரியும். புற ஊதா காட்டும் விண்மீன் பிறப்போ சுமார் பத்துக் கோடி ஆண்டுக் கணக்கு. இன்று எரியும் கருந்துளையையும் பத்துக் கோடி ஆண்டுப் பிறப்பையும் பக்கத்தில் வைத்து, இதனால் அது என்று முடிச்சுப் போடுவது, இந்த நிமிடம் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து அந்த ஆண்டின் கரண்ட் பில்லைச் சொல்வதற்குச் சமம். அணைத்தது என்பவர்களும் இந்தத் தடையைக் கடந்தாக வேண்டும், தூண்டியது என்பவர்களும் கடந்தாக வேண்டும்.

கருந்துளையைத் தாயாக்கிக் கும்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எமனுக்குப் பதில் அம்மன் என்று மாற்றி எழுதினால் அதுவும் அதே பிழைதான். மண்டலம் எவ்வளவு பெரியது, அதன் வாயு சூடா குளிரா, தாரை தட்டுக்குள் பாய்கிறதா வெளியே பாய்கிறதா, தூசு எவ்வளவு என்பதையெல்லாம் பொறுத்து ஓரிடத்தில் அணைக்கும், ஓரிடத்தில் தூண்டும், பெரும்பாலான இடங்களில் தன் வாசலைத் தாண்டி ஒன்றும் செய்யாது. இதை ஒரு குழந்தைக்குச் சொல்ல முடியாதா? முடியும். நான் சொன்னேன், அரை மணி நேரம் ஆயிற்று. பையன் கேட்ட கேள்விகள், பெரியவர்கள் நடுவில் நான் பேசிய கூட்டங்களில் வந்தவற்றைவிடக் கூர்மையாக இருந்தன. "தூசு இல்லாத கேலக்ஸியில நட்சத்திரமே பொறக்காதா தாத்தா?" என்று கேட்டான். பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் தூசு இல்லாமல்தான் பிறந்தன, அவற்றுக்குக் குளிர்வது கடினமாக இருந்திருக்கும், அதனால் மிகப் பெரியவையாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள் என்றேன். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டான்.

சி. வி. விஸ்வேஸ்வரா பிறந்த ஊர் இது. அதிர்வுக்குள்ளான கருந்துளை மணி போல ஒலித்து அடங்கும் என்று 1970இல் கணித்துச் சொன்னவர். பிறகு இங்குள்ள ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தை நடத்தி, குழந்தைகளுக்கு வானத்தைக் காட்டியவர். இப்படி ஒருவர் வாழ்ந்த ஊரில், ஹொசகோட்டே பக்கத்தில் இருக்கும் ஊரில், ஒரு தமிழ்ப் பிள்ளை கருந்துளைக்குப் பல் வரைந்துகொண்டிருப்பது எனக்கு வலிக்கிறது. பிழை அவனுக்கு எழுதிக் கொடுத்தவர்களுடையது.

தமிழில் வானியல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அஸ்ட்ரோசாட் எடுத்த படங்கள், ஆய்வாளர்களுக்கென ஒதுக்கிய காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் இஸ்ரோவின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி திறந்துவைக்கப்படுகின்றன. கருந்துளை ஒரு மண்டலத்தைக் கொன்றது என்று அடுத்த முறை எழுதுவதற்கு முன், அந்த மண்டலத்தின் புற ஊதாப் படத்தையும் அகச்சிவப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.